இரைகொல்லி என்ன செய்கிறது? டிரினிடாட் கப்பி மீன்கள் எழுப்பும் கேள்வி

புலி மானைத் துரத்துகிறது. மெதுவாக ஓடும் மான் சிக்குகிறது. விரைந்து ஓடும் மான் தப்புகிறது. தப்பியதன் குட்டிகளும் தாயைப்போலவே விரைந்து ஓடுகின்றன. இயற்கைத் தேர்வை விளக்கப் பாடநூல்களும் ஆவணப்படங்களும் திரும்பத் திரும்ப எடுத்தாளும் கதை இது. 1859இல் வெளியான தம் நூலில் டார்வினும் ஏறத்தாழ இதே எடுத்துக்காட்டைத்தான் சொன்னார். ஆனால் அவர் நின்றது ஓநாயின் பக்கம்: மான் விரைந்து ஓடும் காலத்தில் எந்த ஓநாய் பிழைக்கும் என்பது அவருடைய கேள்வி.

கதை தவறில்லை, ஆனால் முழுமையில்லை. புலி ஒரு மானைக் கொன்ற பிறகு இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. அந்த மானின் மரபுப் பண்புகள் அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் நிற்கின்றன. இது எல்லோரும் பேசுவது. அந்த மான் தின்றிருக்கக்கூடிய புல்லும் மற்ற மான்களுக்கு மிஞ்சுகிறது. இது அதிகம் பேசப்படாதது. கம்பங்கொல்லையில் உழவர் செய்யும் இரண்டு வேலைகளை இதனோடு ஒப்பிடலாம். களையெடுக்கும்போது வேண்டாத செடி எது என்று பார்த்துப் பிடுங்குகிறோம். பயிர் கலைக்கும்போது நல்ல பயிரையே ஊடாகப் பிடுங்கி எறிகிறோம். பிடுங்கியது எது என்பதைவிட நிற்கிற பயிருக்குக் கிடைத்த இடைவெளிதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. இரைகொல்லி இவற்றில் எந்த வேலையைச் செய்கிறது? இரை விலங்கின் பரிணாமத்தை அதன் வாய் நடத்துகிறதா, அது காலியாக்கிவிட்டுப் போகும் இடம் நடத்துகிறதா?

இந்தக் கேள்வியை வெறும் ஊகமாக விடாமல் இயற்கையிலேயே சோதித்துப் பார்க்க வாய்த்த உயிர், விரல்நுனி அளவேயான ஒரு மீன். டிரினிடாட் தீவின் கப்பி மீன்களை வைத்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளை இக்கட்டுரை இந்தக் கோணத்தில் மறுபடியும் வாசிக்கிறது. என் வாதம் இது: விடை பண்புக்குப் பண்பு மாறுகிறது. உடல் நிறத்திலும் தப்பியோடும் திறனிலும் இரைகொல்லியின் வாய் நேரடியாகத் தேர்வு செய்கிறது. எந்த வயதில் பருவமடைவது, எத்தனை குஞ்சு ஈனுவது, எவ்வளவு காலம் வாழ்வது என்பவற்றில் காலியான இடத்தின் பங்கு நாம் எண்ணியதைவிடப் பெரியது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுவதால்தான் பல ஆண்டுக்காலக் குழப்பம் நேர்ந்தது.

அருவிகள் பிரித்த ஓடைகள்

நம்மூரில் கப்பியைத் தெரியாதவர் குறைவு. கொசுப்புழுவைத் தின்னும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் சாக்கடையிலும் விடப்பட்ட மீன் அது. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விசிறி வாலோடு விற்கப்படுவதும் அதுவே. அந்த விசிறி வால் வளர்ப்பவர்கள் உண்டாக்கியது. டிரினிடாட்டின் ஓடைகளில் வாழும் காட்டு ஆண்மீன் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதன் வாலும் எளியது. ஆனால் விலாவில் ஆரஞ்சு, கறுப்பு, நீலம் எனப் புள்ளிகளும் மினுக்கும் திட்டுகளும் சிதறிக் கிடக்கும். ஒரே ஓடையில் அள்ளிய இரண்டு ஆண்மீன்களின் புள்ளிக் கோலம் ஒன்றாக இருப்பது அரிது. பெண்மீன் பெரியது, சாம்பல் பச்சை நிறமானது. அது முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஈற்று. வயதுவந்த பெண்மீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கருவைச் சுமந்தே கழிக்கிறது.

தீவின் வடக்கே மலைத்தொடர். அதிலிருந்து இறங்கும் ஓடைகள் அடுத்தடுத்து அருவிகளாக விழுகின்றன. கீழ்ப்பகுதியில் கப்பியோடு கிரெனிசிக்லா என்னும் நீளுடல் மீனும் ஹோப்ளியாஸ் என்னும் கூர்ப்பல் மீனும் வாழ்கின்றன; இரண்டும் கப்பியை விழுங்குபவை. அருவியைத் தாண்டி மேலேற அவற்றால் இயலாது. மேலே கப்பிக்குத் துணையாக இருப்பது பெரும்பாலும் ரிவ்யூலஸ் என்னும் சிறுமீன் மட்டுமே. மழையிரவில் ஈரத் தரையில் துள்ளித் துள்ளி நகர்ந்து அருவிக்கு மேலும் போய்ச் சேரக்கூடியது அது. பூச்சிகளைத் தின்னும், அவ்வப்போது கப்பிக் குஞ்சையும் தின்னும், வளர்ந்த கப்பி அதன் வாய்க்குப் பெரியது.

ஆக ஒவ்வோர் ஓடையும் ஒரே மீனைக் கீழே பேராபத்திலும் மேலே சிற்றாபத்திலும் வைத்திருக்கிறது. அடுத்த ஓடையிலும் அதே அமைப்பு, அதற்கடுத்ததிலும் அதுவே. ஆய்வகத்தில் பெரும்பொருள் செலவிட்டு உண்டாக்க வேண்டிய சோதனை அமைப்பை இம்மலை பல படிகளாக வைத்திருந்தது. இதை முதலில் கண்டுகொண்டவர் காரில் ஹாஸ்கின்ஸ். எறும்பு ஆய்வாளராகவும் வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தின் தலைவராகவும் இருந்த அவர், 1950களில் இந்த ஓடைகளில் வலைவீசி, மேலோடை ஆண்மீன்கள் கீழோடை ஆண்மீன்களைவிட நிறம் மிக்கவை என்று பதிவுசெய்தார்.

நிறம்: வாயின் நேரடித் தேர்வு

ஹாஸ்கின்ஸ் கண்டது ஓர் ஒத்துப்போதல் மட்டுமே. அதைக் காரண காரியமாக நிறுவியவர் ஜான் எண்ட்லர். 1976இல் அவர் அரிப்போ ஆற்றில் கிரெனிசிக்லா வாழும் பகுதியிலிருந்து 200 கப்பிகளை எடுத்து, ரிவ்யூலஸ் மட்டுமே இருந்த, அதுவரை கப்பியே இல்லாத ஒரு மேலோடைக் கிளையில் விட்டார். இரண்டாண்டு கழித்து, ஏறத்தாழ 15 தலைமுறைக்குப் பிறகு பார்த்தபோது ஆண்மீன்களின் புள்ளிகள் எண்ணிக்கையிலும் பரப்பிலும் கூடியிருந்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு பசுமைக்குடிலுக்குள் குளங்கள் அமைத்தும் சோதித்தார். கிரெனிசிக்லாவை விட்ட குளங்களில் புள்ளிகள் குறைந்தன; ரிவ்யூலஸ் விட்ட குளங்களிலும் எதுவும் விடாத குளங்களிலும் கூடின.

1980இல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்வது பலரும் மேலோட்டமாகக் கடந்துவிடும் ஒரு நுட்பம். எண்ட்லர் சில குளங்களின் அடியில் பெரிய கூழாங்கற்களையும் சிலவற்றில் சிறிய கற்களையும் பரப்பியிருந்தார். கிரெனிசிக்லா இருந்த குளங்களில், தலைமுறைகள் செல்லச் செல்ல, ஆண்மீனின் புள்ளி அளவு அடியிலுள்ள கல்லின் அளவை ஒத்துவந்தது. இரைகொல்லி இல்லாத குளங்களில் அது எதிர்த்திசையில் போனது; கல்லோடு ஒத்துப்போகாமல் எடுப்பாகத் தெரியும் புள்ளிகள் பெருகின. முதலாவது வேட்டை மீனின் கண் நடத்திய தேர்வு. இரண்டாவது பெண் கப்பியின் கண் நடத்திய தேர்வு. எண்ணிக்கை நெருக்கமோ உணவோ மட்டும் காரணமாக இருந்தால் புள்ளியின் அளவு அடிக்கல்லைப் பார்த்து மாற வேண்டிய தேவையே இல்லை. பார்வையால் வேட்டையாடும் ஒரு விலங்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று இத்துறையில் அதிகம் இல்லை.

தப்பியோடும் திறனும் இந்த வகையைச் சேர்ந்தது. ஆபத்தை உணர்ந்த கப்பி உடலை வில்லாக வளைத்து, அந்த வளைவு விடுபடும் வேகத்தில் பாய்கிறது. எல்லாம் ஒரு நொடியின் சிறு பின்னத்துக்குள். ஆய்வகத்தில் பிறந்து இரைகொல்லியைக் கண்டேயிராத கப்பிகளைக் கிரெனிசிக்லாவோடு ஒரே தொட்டியில் விட்டபோது, கீழோடை வழிவந்தவை மேலோடை வழிவந்தவற்றைவிட அதிகமாகப் பிழைத்தன. 2002இல் வெளியான இந்த முடிவு அத்திறன் கற்றுக்கொண்டது மட்டுமல்ல, மரபாகவும் வருவது என்று காட்டியது. இதற்கு ஒரு விலை உண்டு. கருவுற்ற பெண்மீனின் பாய்ச்சல் கரு வளர வளரத் தளர்கிறது. ஒவ்வோர் ஈற்றிலும் அதிகமான கருவைச் சுமக்கும் கீழோடைப் பெண்மீனில் இந்தத் தளர்ச்சி கூடுதல். நிறைய ஈனுவதும் விரைந்து தப்புவதும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன.

நேரடித் தேர்விலும்கூட எளிய கதைக்கு இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது, எடுப்பான மீன்தான் எப்போதும் முதலில் சாகும் என்பதில்லை. ஓடைகளில் ஆண்மீன்களின் கோல விகிதங்களை மாற்றியமைத்து நடத்திய ஓர் ஆய்வில் (2006), கோலம் எதுவாயினும், அங்கே அரிதாக இருந்த கோலமுடைய ஆண்கள் அதிகம் பிழைத்தன. இரைகொல்லி பழகிய உருவத்தைத் தேடுகிறது என்பது இதற்கான விளக்கம். இத்தனை கோலங்கள் அழியாமல் நீடிப்பதன் மர்மமும் இதனால் ஓரளவு துலங்குகிறது. இரண்டாவது, உண்ணப்படுவதோடு ஆண் கப்பியின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. பெண்மீன் விந்தணுவைப் பல மாதம் உடலுக்குள் காத்துவைக்கிறது. மரபணுச் சோதனையால் தந்தையரைக் கண்டறிந்தபோது, எந்த ஒரு காலத்திலும் தந்தையாகிக்கொண்டிருக்கும் ஆண்களில் கணிசமானவை ஏற்கெனவே இறந்துபோனவை என்று தெரிந்தது. பளிச்சென்ற நிறத்தால் விரைவில் இரையாகும் ஆண், அதே நிறத்தால் அதற்குள் பல பெண்களை ஈர்த்திருந்தால், அதன் இழப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பிழைத்த தலைகளை எண்ணித் தேர்வின் வலிமையை அளக்கும் எந்த ஆய்வும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாழ்க்கைப் போக்கு: கோட்பாடும் முதல் வெற்றியும்

இனிச் சிக்கலான பகுதி. ஓர் உயிர் எந்த வயதில் பருவமடைகிறது, எத்தனை குஞ்சுகளை எந்த அளவில் ஈனுகிறது, எப்போது மூப்படைகிறது என்ற ஒழுங்கை இங்கே வாழ்க்கைப் போக்கு என்று அழைக்கிறேன். இரைகொல்லி இந்த ஒழுங்கை எப்படி மாற்றும் என்பதற்குக் கணித அடிப்படை அமைத்தவர்களில் ஒருவர் மாதவ் காட்கில். மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான அவர், ஹார்வர்டில் இளம் ஆய்வாளராக இருந்தபோது வில்லியம் பாஸர்ட்டோடு சேர்ந்து 1970இல் எழுதிய கட்டுரை இத்துறையின் மூலநூல்களில் ஒன்று. அந்த வழியில் வந்த கோட்பாட்டின் சாரம் இது: வளர்ந்த உயிர்களின் சாவு கூடினால், நாளை இருப்போமா என்பது உறுதியில்லாததால், இளமையிலேயே இனம்பெருக்கி இருப்பதையெல்லாம் அதில் செலவிடும் மரபு வெல்லும். குஞ்சுகளின் சாவு கூடினால் நிதானித்துப் பெரிதாக வளர்ந்து, பெரிய குஞ்சுகளைக் கொஞ்சமாக ஈனும் மரபு வெல்லும்.

கப்பியின் ஓடைகள் இதற்கு அச்சாகப் பொருந்துவதுபோலத் தோன்றின. கிரெனிசிக்லா பெரிய கப்பிகளை விரும்பித் தின்னும். ரிவ்யூலஸ் குஞ்சுகளைத் தின்னும். 1982இல் டேவிட் ரெஸ்னிக்கும் எண்ட்லரும் ஓடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது கோட்பாடு சொன்னதே கிடைத்தது. கீழோடைக் கப்பிகள் சிறிய உடலோடு சீக்கிரம் பருவமடைந்து, அதிக எண்ணிக்கையில் சிறு குஞ்சுகளை ஈன்றன. எண்ட்லர் 1976இல் மேலே கொண்டுபோய் விட்ட மீன்களின் வழித்தோன்றல்களை 11 ஆண்டுக்குப் பிறகு ஆய்வகத்தில் இரண்டு தலைமுறை ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். அவை மேலோடைப் போக்குக்கு மாறியிருந்தன. வேறுபாடு மரபு சார்ந்ததாகவே நின்றது. 1990இல் நேச்சர் இதழில் வந்த இந்த முடிவு, இயற்கையில் பரிணாமத்தைச் சோதனையால் நிகழ்த்திக் காட்டியதாகக் கொண்டாடப்பட்டது. அது தகும்.

1997இல் ரெஸ்னிக் குழுவினர் அந்த மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். சில பண்புகளில் அது 3,700 முதல் 45,000 டார்வின் (பரிணாம வேகத்தை அளக்கும் அலகு) வரை வந்தது. புதைபடிவங்களில் அளந்த வேகங்களைவிட ஒரு கோடி மடங்குவரை கூடுதல். இந்த ஒப்பீட்டைப் பலரும் பரவசத்தோடு மேற்கோள் காட்டுவதால் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. அளக்கும் காலம் நீள நீளக் கணக்கில் வரும் வேகம் குறையும் என்று பிலிப் ஜிங்கரிச் 1983லேயே காட்டியிருந்தார். ஒரு பண்பு முன்னும் பின்னும் அலைந்தால் அலைவுகள் ஒன்றையொன்று ரத்துசெய்து, பத்து லட்சம் ஆண்டில் எஞ்சும் நிகர மாற்றம் மட்டுமே கல்லில் பதிகிறது. ஆகவே கப்பி உணர்த்துவது அது மற்ற உயிர்களைவிட அதிசய வேகம் கொண்டது என்பதையல்ல. இயற்கைத் தேர்வு சில ஆண்டுகளில் கண்முன்னே அளக்கக்கூடிய அளவுக்கு வேலை செய்யும் என்பதைத்தான். ஆண்மீன்களின் பருவ வயதில் மாற்றம் தெரிய 4 ஆண்டே போதுமானதாக இருந்தது.

பொருந்தாத ஒரு முடிவு

இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சோதிக்கப்படாத ஒரு கல் இருந்தது. கீழே பெரிய மீன்கள் கூடுதலாகச் சாகின்றன, மேலே குஞ்சுகள் கூடுதலாகச் சாகின்றன என்பதை ஓடையில் யாரும் நேரடியாக அளந்திருக்கவில்லை. இரைகொல்லியின் குடலைக் கிழித்துப் பார்த்தும் தொட்டியில் உண்ணவிட்டுப் பார்த்தும் ஊகித்ததே அது. ரெஸ்னிக்கும் உடன்பணியாளர்களும் இதைத் தாங்களே சோதிக்க இறங்கினார்கள். பல மேலோடைகளிலும் கீழோடைகளிலும் கப்பிகளின் தோலுக்கடியில் வண்ணக் குறியிட்டு விட்டு, சில நாள் கழித்து மீண்டும் பிடித்து, எந்த அளவு மீன் எத்தனை பிழைத்தது என்று கணக்கிட்டார்கள். 1996இல் முடிவு வெளியானது. கீழோடையில் சாவு கூடுதல்தான். ஆனால் சிறிய மீன், பெரிய மீன் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா அளவிலும் ஏறத்தாழ ஒரேபோலக் கூடுதல்.

இது சிறு பிசிறில்லை. பிரையன் சார்ல்ஸ்வொர்த் 1980இல் விரித்துக்காட்டிய கணிதப்படி, எல்லா வயதிலும் சாவு ஒரே அளவில் கூடி, எண்ணிக்கை நெருக்கத்தால் எந்த விளைவும் இல்லை என்றால், பருவமடையும் வயது எந்தப் பக்கமும் நகரவேண்டியதில்லை. ஆனால் கப்பிகளில் அது நகர்ந்திருந்தது. திரும்பத் திரும்ப, ஓடைக்கு ஓடை, ஆய்வகத்திலும் உறுதியாகும்படி நகர்ந்திருந்தது. விளைவு உண்மை, சொல்லிவந்த காரணம் பொருந்தவில்லை. வெற்றியாகக் கொண்டாடப்பட்ட விளக்கத்தைத் தன் கையாலேயே அளந்து கேள்விக்குள்ளாக்கிய குழுவின் நேர்மையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

2004இல் மற்றோர் அடி. மெடவார் 1952லும் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957லும் வகுத்த மூப்புக் கோட்பாட்டின்படி, வெளியிலிருந்து வரும் சாவு மிகுந்த இடத்தில் உடல் சீக்கிரம் மூப்படையும்படி பரிணமிக்க வேண்டும். நீண்ட நாள் தாங்கும் உடலைக் கட்டுவதில் பயனில்லை. ஆனால் ஆய்வகத்தில் இரைகொல்லி இல்லாமல் வளர்த்துப் பார்த்தபோது, ஆபத்து மிகுந்த ஓடையின் வழிவந்த கப்பிகள்தான் அதிக நாள் வாழ்ந்தன, அதிக காலம் ஈன்றன. பாய்ந்து தப்பும் திறன் மட்டுமே அவற்றில் விரைந்து தளர்ந்தது. கோட்பாடு எதிர்பார்த்ததற்கு ஏறத்தாழ நேர்மாறான முடிவு.

காலியான இடம்

விடுபட்டது என்ன என்பதை 2001இல் வந்த ஒப்பீடு காட்டியது. மேலோடையில் கப்பிகள் நெருக்கமாக வாழ்கின்றன; பெரிய, வயதான மீன்கள் மிகுதி; ஒவ்வொன்றும் மெதுவாக வளர்கிறது. கீழோடையில் கப்பிகள் அரிது, குஞ்சுகள் மிகுதி, ஒவ்வொன்றும் விரைவாக வளர்கிறது. அதாவது கிரெனிசிக்லா தின்றுகொண்டே இருப்பதால் பிழைத்திருக்கும் கப்பிக்கு வயிறு நிறைகிறது. மேலே பகைவன் இல்லை, பசி இருக்கிறது.

உணவு முறையிலும் இது பதிந்திருக்கிறது. கீழோடைக் கப்பிகள் சத்து மிகுந்த நீர்ப்பூச்சிப் புழுக்களைத் தேர்ந்து தின்கின்றன. மேலோடைக் கப்பிகள் பாசி, மட்கு என்று கிடைத்ததையெல்லாம் மேய்கின்றன. ரொனால்ட் பாசரும் குழுவினரும் செயற்கை ஓடைகளில் இரு வகைக் கப்பிகளையும் தனித்தனியே விட்டபோது (2010), மீனின் வகை மாறியதாலேயே அந்த ஓடைகளில் பாசியின் அளவும் பூச்சிகளின் அளவும் மாறின. பசி கப்பியை மாற்றுகிறது; மாறிய கப்பி தன் ஓடையை மாற்றுகிறது; மாறிய ஓடை மறுபடியும் கப்பியின்மீது தேர்வு நடத்துகிறது. இயற்கை ஓடைகளின் குட்டைகளில் கப்பியின் எண்ணிக்கையை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் செய்த சோதனை, நெருக்கம் கூடினால் வளர்ச்சியும் ஈற்றும் குறைகின்றன என்று உறுதிப்படுத்தியது.

இப்படிப் பார்த்தால் மேலோடைக் கப்பியின் பண்புகள் வேறு பொருள் கொள்கின்றன. தாமதமாகப் பருவமடைவதும் பெரிய குஞ்சைக் கொஞ்சமாக ஈனுவதும் அபாயமற்ற வாழ்வின் நிதானமாக இதுவரை வாசிக்கப்பட்டன. ஆனால் நெருக்கடியான ஓடையில் உணவுக்குப் போட்டியிடும் குஞ்சுக்குப் பிறக்கும்போதே உள்ள பருமன் பெரும் சாதகம். சிறு குஞ்சுகளைக் கொட்டித்தள்ளும் தாயின் வாரிசுகள் அங்கே பசியில் அழியும். அந்த நிதானம் பஞ்சத்துக்குப் பழகிய நிதானம்.

நான்கு ஓடைகள்

சாவு, நெருக்கம் என்ற இரண்டு விளக்கங்களும் மேலோடைக் கப்பியின் இறுதி வடிவத்தை ஒரேபோலக் கணிக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய வடிவத்தைப் பார்த்தால் போதாது. மாற்றம் எப்போது தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தச் சிந்தனைதான் 2008, 2009இல் குவானாப்போ ஆற்றுப் பகுதியில் நடந்த பெருஞ்சோதனையின் உயிர்நாடி. கப்பியும் பெரிய இரைகொல்லியும் இல்லாத நான்கு மேலோடைகளில் கீழோடைக் கப்பிகளை விட்டார்கள். இரண்டு ஓடைகளின்மேல் மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் கூட்டினார்கள். மற்ற இரண்டை நிழலிலேயே விட்டார்கள். ஒவ்வொரு மாதமும் மீன்களைப் பிடித்து, தனித்தனியே அடையாளமிட்டு, அளந்து, திரும்ப விட்டார்கள்.

சாவு குறைந்ததுதான் காரணம் என்றால், விட்ட முதல் நாளே கிரெனிசிக்லா இல்லை. தேர்வு தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருந்து பிறகு தணிய வேண்டும். நெருக்கமும் பசியும்தான் காரணம் என்றால், கப்பிகள் பெருகி ஓடையின் உணவை உண்டு தீர்க்கும்வரை பெரிய மாற்றம் தெரியக்கூடாது. ஒரு தாமதத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும். 2019இல் ரெஸ்னிக் குழு வெளியிட்ட முடிவில் தாமதம் தெளிவாகத் தெரிந்தது. எண்ணிக்கை பெருகி ஓடையின் நிலை மாறிய பிறகே வாழ்க்கைப் போக்கு நகரத் தொடங்கியது. அது நகர்ந்த திசையும் நெருக்கத்தைக் கணக்கில் கொண்ட கோட்பாடு சொன்னதே.

இதை நான் வாசிக்கும் விதம் இது. கப்பியின் பருவ வயதை இரைகொல்லி ஆள்கிறது என்ற கூற்று அப்படியே நிற்கிறது. கிரெனிசிக்லாவை நீக்கினால் எல்லாம் மாறுகிறது. ஆனால் அது ஆளும் வழி சுற்றுவழி. அந்த மீன் கப்பியை அரிதாக வைத்திருக்கிறது. அரிதாக இருப்பதால் உணவு மிஞ்சுகிறது. மிஞ்சிய உணவின் நடுவே எந்த மரபு வெல்லும் என்பது வேறு கணக்கு.

மறுப்புகளும் ஒப்பீடுகளும்

முதல் மறுப்பு வெளிச்சம் பற்றியது. கீழோடை அகலமானது; மரங்கள் அதை முழுமையாக மூடுவதில்லை; வெயில் கூடுதலாக விழுவதால் பாசியும் பூச்சியும் கூடுதல். அப்படியானால் உணவு மிஞ்சுவது இரைகொல்லியாலா, வெயிலாலா? இது வலுவான மறுப்பு. பழைய ஒப்பீட்டு ஆய்வுகளில் இரண்டும் பின்னிப்பிணைந்தே கிடந்தன. நான்கு ஓடைகளில் இரண்டின்மேல் கிளை கழித்தது இதைப் பிரிக்கத்தான். தாமதத்தின் நீளம் கப்பிகள் ஓடையை மாற்றிய வேகத்தோடு ஒத்துப்போனது என்பது இரைகொல்லிப் பக்க வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஆனாலும் நான்கே ஓடைகள், ஒரே ஆற்றுப் பகுதி. மலையின் வடசரிவு ஓடைகளில் மீன்களோடு நன்னீர் இறால்களும் வேட்டையாடுகின்றன. அங்கும் இதே தாமதம் வருமா என்று சோதித்தால்தான் பொதுவிதியாகக் கொள்ள முடியும்.

இரண்டாவது, சோதனையின் பக்கவிளைவு. ஹாஸ்கின்ஸ் 1957இல் வேறோர் ஆற்றுப் பகுதியின் கப்பிகளைத் தூரூர் ஆற்றின் மேற்பகுதியில் விட்டார். பிற்காலத்தில் சோதித்தபோது அவற்றின் மரபணுக்கள் அருவிகளைத் தாண்டிக் கீழ்நோக்கிப் பரவி, அந்த ஆற்றின் சொந்தக் கப்பிகளின் இடத்தைப் பெரிதும் பிடித்திருந்தன. இயற்கையில் செய்யும் பரிணாமச் சோதனையைத் திரும்பப் பெற முடியாது. இந்தத் துறை இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது, கப்பி ஒரு விதிவிலக்கா? இல்லை என்றே மற்ற உயிர்கள் சொல்கின்றன. அதே ஓடைகளின் ரிவ்யூலஸ் மீனை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்விலும், இரைகொல்லியால் வந்த மரபு வேறுபாடுகள் எப்படித் தெரிகின்றன என்பது கொடுத்த உணவின் அளவைப் பொறுத்திருந்தது. பஹாமாஸின் குறுந்தீவுகளில் ஜோனதன் லோசாஸ் குழுவினர் தரைவாழ் வேட்டைப் பல்லியொன்றை விட்டபோது, அனோல் பல்லிகளில் முதல் ஆறு மாதம் நீண்ட கால்களுடையவை அதிகம் பிழைத்தன. ஓடித் தப்ப நீண்ட கால் உதவியது. அதற்குள் பல்லிகள் தரையை விட்டு மெல்லிய கிளைகளுக்கு ஏறிவிட்டன. அடுத்த ஆறு மாதம் குட்டைக் கால்களுக்குச் சாதகம். இரைகொல்லி மாறவில்லை, இரையின் நடத்தை மாறியதும் தேர்வின் திசை திரும்பிவிட்டது. கனடாவில் பாட்டுக்குருவிகளின் கூடுகளை வேட்டையிலிருந்து முழுமையாகக் காத்துவிட்டு, இரைகொல்லிகளின் ஒலியை மட்டும் ஒலிபரப்பியபோது குஞ்சுகளின் எண்ணிக்கை 40 விழுக்காடு குறைந்தது (2011). ஒரு குஞ்சைக்கூடத் தின்னாமல் அச்சம் செய்த வேலை அது.

மறுபக்கத்தில் நேரடித் தேர்வின் சான்றும் வலுவானதே. இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியில் கருநிற வடிவம் மறைந்துவருவதற்குப் பறவைகள் காரணமா என்று எழுந்த ஐயத்தைத் தீர்க்க, மைக்கேல் மஜெரஸ் ஆறு ஆண்டுகளில் 4,864 பூச்சிகளை விட்டுக் கண்காணித்தார். அவர் இறந்த பின் 2012இல் வெளியான முடிவு பறவையின் கண்ணே காரணம் என்று உறுதிசெய்தது. அதுவும் நிறம் பற்றியதே என்பதைக் கவனிக்க வேண்டும். இரையின் எந்தப் பண்பை இரைகொல்லியின் புலன் நேரடியாகத் தொடுகிறதோ, அங்கே வாயின் கணக்கு நிற்கிறது. பிறப்பு, வளர்ச்சி, மூப்பு ஆகியவற்றைத் தொடும் புலன் எந்த இரைகொல்லிக்கும் இல்லை.

வலையும் ஓர் இரைகொல்லி

இந்த வேறுபாடு ஆய்வாளர்களுக்கு மட்டுமானதில்லை. கடலில் இன்று பெரிய மீனைத் தேர்ந்து பிடிக்கும் மாபெரும் இரைகொல்லி மனிதன். டேவிட் கானோவரும் ஸ்டீபன் மன்ச்சும் அட்லாண்டிக் சில்வர்சைட் மீனைத் தொட்டிகளில் வளர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் 90 விழுக்காட்டை அகற்றினார்கள்: சில தொட்டிகளில் பெரியவற்றை, சிலவற்றில் சிறியவற்றை, சிலவற்றில் அளவு பார்க்காமல். நான்கே தலைமுறையில் சிறியவற்றை அகற்றிய தொட்டிகள், பெரியவற்றை அகற்றியவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு எடை மீனைத் தந்தன (2002). பெரிய மீனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் குட்டையாக வளரும் மரபே மிஞ்சும் என்பதற்கு உலகெங்கும் காட்டப்படும் சான்று இதுதான்.

கப்பியின் கதையைத் தெரிந்துகொண்டு இதை வாசிக்கும்போது ஒரு குறை தெரிகிறது. அந்தத் தொட்டிகளில் எல்லா மீனுக்கும் வயிறார உணவு. எனவே அளக்கப்பட்டது வாயின் பங்கு மட்டுமே. கடலில் செவுள்வலை அகற்றிய வஞ்சிரம் தின்றிருக்கவேண்டிய நெத்திலியும் சாளையும் எஞ்சிய வஞ்சிரத்துக்குப் போகின்றன. அது விரைவாக வளர்கிறது. விரைவாக வளரும் மீன், மரபு மாறாமலேகூட இளவயதில் பருவமடையக்கூடும். அதிகம் பிடிக்கப்படும் நீரில் மீன்கள் சீக்கிரம் சினைப்படுவதைக் கண்டால், வலையின் கண்ணளவு தேர்ந்தெடுத்ததா, மிஞ்சிய உணவு செய்ததா, இரண்டும் சேர்ந்ததா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. கண்ணளவை மாற்றும் சட்டம் முதலாவதைத்தான் தொடும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம், அது செயல்படும் அளவுக்கு, மீனின் எண்ணிக்கை வழியாக இரண்டாவதைத் தொடுகிறது.

பிரித்தறியும் வழியை டிரினிடாட் ஓடைகள் காட்டியிருக்கின்றன. மிகுதியாகப் பிடிக்கப்படும் நீரின் மீன்களையும் குறைவாகப் பிடிக்கப்படும் நீரின் மீன்களையும் இரண்டு தலைமுறை ஒரே தொட்டிச் சூழலில், ஒரே உணவில் வளர்த்து, வேறுபாடு நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிரந்தரமாக மீன்பிடிப்பு நிறுத்தப்படும் ஒரு பகுதியில், நிறுத்திய நாளிலிருந்தே ஆண்டுதோறும் பருவமடையும் அளவை அளந்துவர வேண்டும். மாற்றம் உடனே தொடங்கினால் வலையின் தேர்வு நின்றதே காரணம். மீன்கள் பெருகி நெருங்கிய பிறகே தொடங்கினால், இத்தனை காலம் அவற்றை மாற்றிவந்தது வலை காலியாக்கிய கடல்.